பொன்னுதுரை வைத்த வால்வு இடைவெளி

1

நடராஜன் அவர்களே, இந்தக் கதை உங்கள் கடிதத்தில் பிறந்தது. உங்கள் பஸ் கம்பெனியில் பொன்னுதுரை மெக்கானிக் வேலை கேட்டிருக்கிறார் என்றும், "சுதந்திர ஊர்வலத்தில் உங்கள் ஜீப்பைப் பாழாக்கியவர் இவர்தானாமே, நம்பலாமா?" என்றும் எழுதியிருந்தீர்கள். ஒரு வரியில் பதில் எழுத உட்கார்ந்தேன். மூன்று நாளாகிறது. ஒரு வரி கதையாகிவிட்டது. இதற்கு வாசகர் நீங்கள் ஒருவர்தான்.

2

முதல் தொடக்கம்: இந்தக் காஜா பேராங் ஊரில் எங்கள் குடும்பத்துக்கென்று ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயரை ஒரு கவனக்குறைவான மெக்கானிக்—

என் மனைவி விஜயா தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

"கவனக்குறைவா? அந்த மனுசனா? ஒரு நட்டு கீழே விழுந்தா சாப்பிடாமத் தேடுவாரு."

"இது கதை, விஜயா."

"கதைன்னா பேரை மாத்துங்க."

அந்த வரியை அடித்துவிட்டேன்.

3

இரண்டாம் தொடக்கம்: 1957, ஆகஸ்ட் முப்பது. சண்டை முடிந்து ஏலத்தில் எடுத்த ராணுவ ஜீப் எங்களுடையது. சேறு, மேடு, ஆற்று மணல், எதிலும் போகும். மறுநாள் இந்த மலாய் மண்ணின் சுதந்திர ஊர்வலத்தில் தமிழர் வண்டிகளுக்கு அதுதான் முதல் வண்டி. [ஏன் அது என்று கேட்காதீர்கள். கமிட்டித் தலைவர் நான்.]

பொன்னுதுரை ஒவ்வொரு வால்வின் அடியிலும் மெல்லிய தகட்டை நுழைத்து, இழுத்துப் பார்த்து, இடைவெளியைச் சரிசெய்து மூடினார். இஞ்சின் ஓடியது. டிக் டிக் டிக்.

"என்ன சத்தம் அது?"

"இருக்கணும் ஐயா. சூடானா வால்வு நீளும். நீள்றதுக்கு இடம் விட்டிருக்கேன்."

"தையல் மெஷின் மாதிரி இருக்கே. நாளைக்கு ஊரே பார்க்கும்."

"பார்க்கட்டும் ஐயா. வண்டி ஓடும்."

4

[இங்கே ஒரு பொறாமைக்காரரைக் கொண்டுவர நினைத்தேன். கையில் ஸ்பேனரோடு கொட்டகைக்குள் நுழைகிறார். ஆனால் கொட்டகை பூட்டியிருந்தது. சாவி ஒன்றுதான். அது என் இடுப்பில். அவர் எப்படி—]

5

பொன்னுதுரை போனதும் மூடியைக் கழற்றியவன் நான்தான். இரண்டு ஸ்பேனர், எட்டு வால்வு. தகடு என்ன, காற்றுகூட நுழையாதபடி இடைவெளியை* அடைத்தேன். சத்தம் நின்றது.

மறுநாள் ஜீப் பூனை மாதிரிக் கிளம்பியது. ஒரு மைல் போயிருக்கும். சூடேறியது, முக்கியது, கூட்டத்தின் நடுவே நின்றது. பக்கத்து ஊர் செமாபோக்கிலிருந்து வந்திருந்த சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தள்ள வந்தார்.

"சத்தமே வராத வண்டி, நம்ம கெரேத்தான்னு சொன்னீங்களே சம்பந்தி. சொன்ன சொல் தவறலே லா!"

ஊரே சிரித்தது. நான் உரக்கச் சொன்னேன்: "பொன்னுதுரை பார்த்த வேலை."

பொன்னுதுரை கூட்டத்திலிருந்து வந்து மூடியைத் திறந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். மூடினார்.

"ஐயா சொன்னா சரிதான்."

அதற்குப் பிறகு அவரிடம் யாரும் வண்டி விடவில்லை.

* கல்யாணப் பத்திரிகை அட்டையின் கனம்தான். எங்கள் குடும்ப கௌரவத்துக்கு அதுகூட அதிகமாகப் பட்டது.

6

இனி முடிவு. இரண்டு வைத்திருக்கிறேன்.

ஒன்று: நீங்கள் அவருக்கு வேலை கொடுத்துவிட்டு இதைக் கிழித்துப் போடுகிறீர்கள். அவருக்குச் சம்பளம், எனக்குப் பெயர்.

மற்றது: வேலையும் கொடுத்து, இதைப் பட்டறைச் சுவரில் ஒட்டுகிறீர்கள்.

முதலாவதுதான் நாகரிகம் என்று விஜயாவிடம் சொன்னேன்.

"அவருக்குப் போனது வேலை மட்டுந்தானாங்க?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள்.

தாளின் தலைப்பில் "படித்ததும் கிழித்துவிடவும்" என்று எழுதியிருந்தேன். இப்போது அடித்திருக்கிறேன். அடித்த பிறகும் அந்த வரி தெளிவாகத் தெரிகிறது. வேறு தாளில் எழுத எனக்கு மனம் வரவில்லை. கிழிப்பதா, ஒட்டுவதா என்று நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். வேலையை மட்டும் அவருக்குக் கொடுங்கள்.