முதல் தோள்

டெஸ்ஸி மாமா வலது காலணிக்குள் செய்தித்தாளின் விளையாட்டுப் பக்கத்தை மடித்துத் திணித்துக்கொண்டிருந்தார். இடது காலணியில் ஏற்கெனவே வேலை முடிந்திருந்தது. அந்தக் கால் மட்டும் உயர்ந்துவிட்டதால், சமையலறைக் கதவைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்றார்.

"என்ன மாமா பண்றீங்க?" தேநீர்க் கோப்பைகள் அடுக்கிய தட்டோடு டிம்ப்னா அவரைத் தாண்டப் பார்த்தாள்.

"வளர்றேன்" என்றார், தலை நிமிராமல்.

எழுபது தாண்டிய மனிதருக்கு இனிமேல் எதற்கு வளர்த்தி என்று அவள் கேட்கவில்லை. அவளுக்குத் தெரியும். இன்னும் ஒரு மணி நேரத்தில் அப்பாவின் சவப்பெட்டி வீட்டைவிட்டுக் கிளம்பும். பெல்ஃபாஸ்டின் அந்தத் தெருவில் சவ வண்டி பின்னால் சும்மாதான் வரும். பெட்டியைச் சுமப்பது மனிதர்களின் தோள். முதல் தோள் வீட்டாருக்கு. தெருமுனையில் அடுத்தவர்கள் மாற்றிக்கொள்வார்கள், அதற்கடுத்த முனையில் வேறு சிலர், கோயில்வரை அப்படியே. ஒரே ஒரு நிபந்தனைதான்: சுமக்கிறவர்கள் ஒரே உயரமாக இருக்க வேண்டும். அப்பா கார்மக் டோனர் ஹெவிவெயிட் குத்துச்சண்டைக்காரர், உயரமும் அகலமும் அதற்குத் தகுந்தபடி. முதல் தோளுக்குப் பேசி வைத்திருந்தவர்களும் அதே வார்ப்பு. அம்மாவின் அண்ணன் டெஸ்ஸியும் குத்துச்சண்டைக்காரர்தான், ஆனால் ஃப்ளைவெயிட், இருப்பதிலேயே இலேசான எடைகளில் ஒன்று. இளமையிலேயே ஐந்தடியைச் சிரமப்பட்டுத் தொட்டவர், வயதானதில் அதையும் கொஞ்சம் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

கூடத்தில் சத்தம் கூரையைப் பிய்த்தது. இரண்டு நாளாக இப்படித்தான். குத்துச்சண்டை க்ளப் ஆட்கள் வருவார்கள், பெட்டிக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு ஜெபிப்பார்கள், எழுந்து பன்றியிறைச்சி சாண்ட்விச்சைக் கையில் எடுத்ததும் தொடங்கிவிடுவார்கள். கார்மக்கும் டெஸ்ஸியும் நாற்பது வருஷமாகப் போட்ட அதே சண்டை. யார் அடி பெரிய அடி? கார்மக்கால் இப்போது பேச முடியாததால், அவர் தரப்பை லார்க்கன் எடுத்துக்கொண்டிருந்தான். அவனும் ஹெவிவெயிட்தான், நிலைக்கதவில் குனிந்து வருகிறவன்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? லாரி சுவத்துல மோதினா சுவர் நிக்குமா? எடைதான் அடி. அவ்ளோதான் கணக்கு" என்றான்.

டெஸ்ஸி மாமா புதிய உயரத்தோடு உள்ளே வந்தார். "லாரி வர்றது தெரிஞ்சா ஒதுங்கிக்க மாட்டானா? மாப்ளையோட வலது கை கிளம்புறதுக்கு முன்னாடி தபால்ல தகவல் சொல்லும். அது வந்து சேர்றதுக்குள்ள நான் மூணு அடிச்சிட்டு, ஓரமாப் போய்த் தண்ணி குடிச்சிருப்பேன்."

"மூணும் கொசுக்கடி."

"அந்தக் கொசுக்கடியில எத்தன பேர் படுத்தானுங்கன்னு கேளு. உங்க எடையில தும்மினாலே ஒருத்தன் விழுவான். ஃப்ளைவெயிட்ல நாக் அவுட் பண்றது லேசுப்பட்ட வேலையா?"

"அண்ணே, உங்க எடையில தாடையும் அதே எடைதானே. சின்னத் தாடை, சின்ன அடி. விழத்தான் செய்வான்."

கூடம் சிரித்தது. யாரோ போர்ட்ரஷ் கடற்கரைக் கதையை எடுத்தார்கள். அங்கே குத்தின் பலத்தைக் காட்டும் இயந்திரம் ஒன்று இருந்தது. கார்மக் குத்தியதில் முள் மேல்முட்டு வரை போய்விட்டது. டெஸ்ஸி குத்தியதில் பாதிகூடத் தாண்டவில்லை. ஆனால் முள் கீழே இறங்குவதற்குள் அவர் இன்னும் இரண்டு குத்து விட்டுவிட்டதால், இயந்திரம் குழம்பிப்போய்க் காசைத் திருப்பிக் கக்கியதாம். இந்தக் கதையை அப்பா சொன்னால் இயந்திரம் பழுது. மாமா சொன்னால் இயந்திரம் சரணாகதி.

அம்மா பிலோமினா மட்டும் சிரிக்கவில்லை. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டிருந்தாள்.

சவப்பெட்டிக்காரர் மெக்ரோரி, டிம்ப்னாவைப் பின்கட்டுக்கு வரச்சொல்லிக் கண்ணைக் காட்டினார். மழை தூறலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

"நீங்கதாம்மா அவர்கிட்ட சொல்லணும். தாள வச்சாலும் அட்டைய வச்சாலும் அவர் தோள் உங்க இடுப்புக்குக் கொஞ்சம் மேலதான் வருது. நடுவுல விட்டா பெட்டி அவர் மேல படவே படாது. முன்னால விட்டா உங்கப்பா வழுக்கிக்கிட்டு வந்துருவார். என் தொழில்ல இதுவரைக்கும் யாரையும் கீழ போட்டதில்ல."

"அப்பாவையும் இதுவரைக்கும் யாரும் கீழ போட்டதில்ல" என்றாள் டிம்ப்னா.

மெக்ரோரி சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். தொழில் அப்படி.

டெஸ்ஸி மாமா சமையலறையில் தனியாக இருந்தார். டிம்ப்னா பேருந்து ஓட்டுகிறவள். நாளுக்கு எத்தனையோ பேரிடம் முடியாது, இடமில்லை, அடுத்த வண்டியில் வாங்க என்று சொல்லிப் பழகியவள்தான். இருந்தும் முதலில் ஒரு கோப்பையைக் கழுவி வைத்தாள்.

"மாமா, முதல் தோள்ல நானும் லார்க்கனும், இன்னும் நாலு பேரும். நீங்க முன்னாடி பூவ எடுத்துக்கிட்டு நடங்க."

"பூவா?"

"மெக்ரோரி சொல்றாரு..."

"அவர் சொல்றது சரிதான். எனக்கும் கண்ணு இருக்குல்ல." அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கால் தரையில் முழுதாகப் படியவில்லை. "செவ்வாய்க்கிழம போன்ல பேசினோம். நான் சொன்னேன்: மாப்ள, உன் கையில விழுந்தவன் எதுல விழுந்தோம்னு தெரிஞ்சு விழுந்தான். என் கையில விழுந்தவன் எந்திரிச்சு, என்கிட்டயே வந்து என்ன ஆச்சுன்னு கேட்டான். இப்ப சொல்லு, யார் அடி பெரிசுன்னேன். சிரிச்சான். 'நாளைக்கு வா மச்சான், இதுக்குப் பதில் வச்சிருக்கேன்'னான்."

மறுநாள் காலை அம்மா தேநீரோடு எழுப்பப் போனபோது அப்பா எழுந்திருக்கவில்லை.

"நான் வந்தேன். அவன் பதில் சொல்லாமப் போயிட்டான்" என்றார் மாமா. "இப்ப நான் பூ தூக்கிக்கிட்டு முன்னாடி நடந்தா, அதான் பதில். பாத்தியா மச்சான், என் எடையத் தாங்கக்கூட நீ ஆகலன்னு காட்டிட்டுப் போயிருவான். திருப்பிச் சொல்ல எனக்கு வழியே இல்ல." காலணி நுனியைப் பார்த்துக்கொண்டார். "தினமும் என்னோட சண்ட போட்டான் டிம்ப்னா. எனக்குன்னு வேற யாரும் இவ்ளோ நேரம் ஒதுக்கினதில்ல."

அவள் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே மறுபடி கழுவினாள்.

"எல்லாரும் ஒரே உயரமா இருக்கணும். அதானே விஷயம்?" என்று பின்னாலிருந்து கேட்டார். "உசரமா இருக்கணும்னு இல்லையே?"

அவள் திரும்புவதற்குள் பின்கதவு சாத்திக்கொண்டது. வேகத்தில் அவரைக் குறை சொல்ல யாராலும் முடியாது.

திரும்பி வந்தபோது கூட ஐந்து பேர் இருந்தார்கள். எல்லாரும் க்ளப்பின் சின்ன எடைக்காரர்கள்: முடிதிருத்துபவர் ஒருவர், குழாய் வேலை செய்யும் அண்ணன் தம்பி, ஓய்வுபெற்ற தபால்காரர், இப்போது அந்த எடையில் சண்டைபோடும் சோர்ஷா என்ற பெண். இரவல் கறுப்புக் கோட்டுகளின் கை நீண்டு விரல் நுனிகள் மட்டும் தெரிந்தன. கூடத்தில் இருந்த பெரியவர்கள் வழிவிட்டார்கள், குனிந்து பார்த்தார்கள்.

"இவங்களா?" என்றான் லார்க்கன். "அண்ணே, உள்ள படுத்திருக்கறது ஹெவிவெயிட்."

"ஆறு பேர் இருக்கோம்ல."

"ஆறையும் சேத்துத் தராசுல போட்டாலும்..." லார்க்கன் டிம்ப்னாவைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "சரி, விளையாட்டு போதும். முதல் தோள் பெத்த பொண்ணோடது. இவங்க தூக்கினா டிம்ப்னா எங்க நிப்பா?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். அப்பாவின் உயரத்தை அவள் அப்படியே வாங்கியிருந்தாள். பள்ளி நடனத்தில் சுவரோரம் நின்றது முதல் அந்த உயரத்தால் அவளுக்கு ஒரு நன்மையும் விளைந்ததில்லை. இன்றைக்காவது அது உருப்படியாக உதவும், இந்த வாசலைத் தாண்டும்போது அப்பா தன் தோளில் இருப்பார் என்று நேற்றெல்லாம் அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். அது ஒன்றைத்தான் பிடித்துக்கொண்டிருந்தாள் என்றுகூடச் சொல்லலாம்.

"மாமாவும் வீட்டாள்தான்" என்றாள். "நான் முனையில வாங்கிக்கறேன்."

மெக்ரோரி வானத்தைப் பார்த்தார். அம்மா முதல் தடவையாக வாயைத் திறந்தாள். "அண்ணே, அவரப் போட்டுறாத."

ஆறு பேரையும் வரிசையாக நிறுத்தித் தோளுக்குத் தோள் பார்த்தார் மெக்ரோரி. சோர்ஷா மெதுவாகச் சொன்னாள்: "டெஸ்ஸி மாமா, நீங்கதான் கொஞ்சம் உசரமா நிக்கறீங்க."

பிறந்ததிலிருந்து அவரிடம் யாரும் சொல்லியிராத வாக்கியம் அது. அதை ரசிக்கச் சற்று நேரம் எடுத்துக்கொண்டு, பிறகு உட்கார்ந்து காலணிகளைக் கழற்றி விளையாட்டுப் பக்கங்களை உருவினார்.

பெட்டி வாசலைத் தாண்டியது. ஒரு பக்கமும் சாயவில்லை, ஒரு நூல்கூட. ஆனால் அவ்வளவு தாழ்வாக ஒரு சவப்பெட்டி போய் அந்தத் தெரு பார்த்ததில்லை. இந்தப் பக்கம் நின்றவர்கள் அதற்கு மேலாக அந்தப் பக்கம் நின்றவர்களுக்குத் தலையசைத்தார்கள். இன்னொன்றையும் யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை. சின்னக் கால்கள், பெரிய பாரம்; மெதுவாக நடந்தால் நசுங்கிவிடுவோம் என்று தெரிந்ததோ என்னவோ, ஆறு பேரும் குடுகுடுவென்று நடக்கத் தொடங்கினார்கள். முன்னால் தொப்பியைக் கையில் ஏந்தி நிதானமாக அடியெடுத்து வைத்த மெக்ரோரி, பெட்டி முதுகுக்கு வந்துவிட்டதைப் பார்த்து நடையை எட்டிப் போட்டார், பிறகு கிட்டத்தட்ட ஓடினார். ஹெவிவெயிட்டுகள் பின்னால் மூச்சிரைத்தார்கள்.

"மெதுவாப் போங்கய்யா" என்று லார்க்கன் கூப்பிட்டான். "இதென்ன பந்தயமா?"

பெட்டிக்கு அடியிலிருந்து டெஸ்ஸி மாமாவின் குரல் நசுங்கி வந்தது. "மாப்ள இவ்ளோ வேகமா எங்கயும் போனதில்ல. அனுபவிக்கட்டும், விடு."

அம்மா சட்டென்று டிம்ப்னாவின் கையைப் பற்றினாள். அழுகிறாள் என்று நினைத்துக் குனிந்தால், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். கைக்குட்டையை வாயில் அடைத்து, தோள் குலுங்க, நடக்கக்கூட முடியாமல் சிரித்தாள். கொஞ்ச நேரத்தில் அது அழுகையாகவும் ஆனது. இரண்டும் சேர்ந்தே முனைவரை வந்தன.

முனையில் மெக்ரோரி கையை உயர்த்தினார். அங்கிருந்து கோயிலுக்கு மேடு.

"எங்களுக்கு நாலு பேர் போதும்" என்றான் லார்க்கன், விட்டுக்கொடுக்காமல். அவனும் இன்னொருவரும் முன்னால் நுழைந்தார்கள். பின்னால் டிம்ப்னாவும் க்ளப் செயலாளரும். முன்னும் பின்னும் இருந்த சின்னவர்கள் நழுவி வெளியே வந்து, சிவந்த முகத்தோடு தோளைத் தேய்த்துக்கொண்டார்கள். நடுவில் டெஸ்ஸி மாமாவுக்கு இணையாக நின்ற சோர்ஷாவும் ஒதுங்கினாள். அவர் ஒதுங்கவில்லை. அவரை யாரும் விலக்கவும் இல்லை. நாலு பேரும் நிமிர்ந்தபோது பெட்டி தானாகவே அவர் தோளைவிட்டு மேலே போய்விட்டது.

பெட்டி நகர்ந்தது. அவரும் அதன் அடியிலேயே நடந்தார். இப்போது பலகைக்கும் அவர் தலைக்கும் நடுவே இடைவெளி இருந்தது. டிம்ப்னாவுக்கு முன்னால் அந்த நரைத்த தலை போய்க்கொண்டிருந்தது. அவருடைய தோள் ஒன்று, பாரம் இன்னும் இருப்பதுபோலச் சரிந்தே இருந்தது. கொஞ்ச தூரம் போனதும் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி, உள்ளங்கைகளைப் பெட்டியின் அடியில் பதித்தார்.

"அண்ணே, வெளிய வந்துருங்க. இடிச்சிக்கப் போறீங்க" என்றான் லார்க்கன், திரும்பிப் பார்க்க முடியாமல்.

"தாங்கிக்கிட்டிருக்கார்" என்றாள் டிம்ப்னா.

தூறல் ஒருவழியாகத் தொடங்கியது. டிம்ப்னா முழங்காலைச் சற்று மடக்கினாள். செயலாளர் அவளைப் பார்த்துவிட்டு அவரும் மடக்கினார். சாய்வு தோளில் உறைத்ததும் முன்னால் இருந்த இருவரும் தாழ்ந்தார்கள். பாரம் கைகளில் இறங்கியபோது டெஸ்ஸி மாமாவின் முழங்கைகள் நடுங்கின, பிறகு நின்றன. கால் மடங்கிய நாலு உயரமானவர்களும் நடுவில் அவருமாக, மேட்டில் மெதுவாக ஏறினார்கள்.