கையோடு வந்த கருவி

எங்கள் கிடங்கில் பெட்டிகளை இழுத்துப் போகும் பெல்ட், குறுக்கே கை வந்தால் நிற்காது. போன மாதம் ஒட்டடைக்குச்சியின் சட்டைக் கையைக் கவ்விக்கொண்டது. ஆள் நெடுநெடுவென்று ஒல்லி, அதனால் அந்தப் பெயர். பட்டன் தெறித்ததால் பிழைத்தான். பெல்ட்டின் வாயில் நின்று பெட்டி எடுப்பது அவன் வேலை, அடுக்குவது என் வேலை.

அந்த பெல்ட்டை ஓட்டும் புரோகிராமை எழுதுகிறவள் என் மருமகள். கையைக் கண்டதும் பெல்ட் நிற்கும்படி பத்து நாள் உட்கார்ந்து மாற்றி எழுதினாள். இன்று இரண்டு மணிக்கு லாரி. அதற்குள் புதியது ஏறாவிட்டால் பழையபடியே ஓட்டுவோம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்.

அவள் எழுதியதை இயந்திரத்துக்குப் புரிகிற மாதிரி ஆக்குவதற்கு பில்ட் என்று பெயர். அதைக் கிடங்கு ஆபீஸ் கம்ப்யூட்டரில்தான் செய்ய வேண்டுமாம். செய்தாள். ஒரு முனகலும் இல்லாமல் முடிந்தது. பெல்ட்டில் ஏற்றினாள்.

“மாமா, ஒரு அட்டைக் குழாய் எடுத்துட்டு வாங்க.”

ஓடும் பெல்ட்டின் வாயில் குழாயை நீட்டினேன். பெல்ட் நின்றது. ஆனால் நிற்பதற்குள் குழாய் முனையைச் சப்பையாக்கியிருந்தது.

ஒட்டடைக்குச்சி அதைத் தடவிப் பார்த்தான். “பெல்ட் நல்லாத்தான் நிக்குது. கைதான் நிக்காது.”

“அதான் நின்னுடுச்சேமா, போதாதா?” என்றார் சூப்பர்வைசர்.

“உங்க கைய வெச்சுப் பாக்கலாமா சார்?” என்றாள், சாதாரணமாக. அவர் தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

லேப்டாப்பில் தான் செய்த பில்ட்டையும் இங்கே செய்ததையும் அருகருகே வைத்துப் பார்த்தாள். 0.2 நொடியில் நிற்க வேண்டும் என்று எழுதியிருந்தாள். லேப்டாப்பில் 0.2. இங்கே 1.

“தப்பு என்னுதுதான் மாமா. நம்பரை மாத்திக் குடுக்க ஒரு சின்னக் கருவி வேணும். எல்லாக் கம்ப்யூட்டர்லயும் இருக்கும்னு பேரை மட்டும் எழுதி வெச்சுட்டேன். என்னோடதுல இருக்கறது புதுசு. இங்க அதே பேர்ல பழசு. அதுக்குப் புள்ளி தெரியாது, மேல ஏத்தி முழு ஒண்ணாக்கிடுது.”

எனக்குப் புரிந்தது. போகிற இடத்தில் கயிறு இருக்கும் என்று நாங்களும் வெறுங்கையோடு லோடு ஏற்றப் போவோம். கயிறு இருக்கும், இற்றுப்போய். இல்லாமலே இருந்தால்கூடத் தேவலை.

“புதுசை இங்கயும் போட்டுட்டா முடிஞ்சுதேமா,” என்றேன்.

“நாளைக்கு இந்தக் கம்ப்யூட்டரை மாத்துனா?”

கருவியையே புரோகிராமோடு சேர்த்து வைத்தாள். இதைத்தான் எடுக்க வேண்டும், கம்ப்யூட்டரில் இருப்பதைத் தொடக்கூடாது என்று எழுதினாள். பிறகு தன் லேப்டாப்பில் இருந்த கருவியை அழித்தாள்.

“எதுக்குமா?” என்றேன்.

“அது இருந்தா சத்தமில்லாம அதையே எடுத்துக்கும். சரியாயிடுச்சுனு நானும் நம்பிடுவேன்.”

லேப்டாப்பில் பில்ட் பாதியில் நின்றது, சிவப்பு எழுத்தோடு. அவள் முகம் மலர்ந்தது. “பாத்தீங்களா, இன்னொரு இடத்துலயும் பேரை மட்டும் எழுதியிருக்கேன்.” முப்பது வருடம் சுமை தூக்கியதில் எத்தனையோ பேரைப் பார்த்துவிட்டேன். தன் தப்பு அகப்பட்டதற்குச் சிரித்தவர் யாருமில்லை.

அதையும் திருத்தினாள். லேப்டாப்பில் ஓடியது. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மறுபடி செய்து பெல்ட்டில் ஏற்றியபோது வெளியே லாரி ஹாரன் அடித்தது. புதுக் குழாயை நீட்டினேன். பெல்ட் தொடாமல் நின்றது.

“இன்னும் ஒம்பது தடவை மாமா,” என்றாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. திரும்பி வந்திருந்த சூப்பர்வைசர் லாரியைப் பார்த்துக் கையமர்த்தினார். பத்தாவது முறை நீட்டி எடுத்த குழாயை ஒட்டடைக்குச்சி வாங்கி, முனையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். பிறகு என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் இடத்தில் போய் நின்றான்.