சோலைமலையா என்று கேட்பவர்கள்

சோலைமலையா என்று கேட்கிறான், கைபேசியை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி, முகமெல்லாம் நீல வெளிச்சம், யாரோ வெளியூர் இளைஞன், மற்றொரு கையில் நான் ஊற்றிக்கொடுத்த பருத்திப்பால் டம்ளர், ஆவி எழும்பி அவன் மூக்குக் கண்ணாடியை மங்கலாக்குகிறது, சோலைமலைதானேக்கா என்று மறுபடி கேட்கிறான், ஆமா என்கிறேன், அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்காகத்தான் மாலைதோறும் சிம்மக்கல் முக்குக்கு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேனோ என்று தோன்றுகிறது, வண்டியில் கட்டியிருக்கும் சின்னப் பெட்டி ஒரு பெண்ணின் குரலில் இருபது ரூபாய் பெறப்பட்டது என்கிறது, பெற்றுக்கொண்டவர் மாசியிலேயே போய்விட்டார் என்பது பெட்டிக்குத் தெரியாது, இந்த இளைஞனுக்கும் தெரியாது, அவன் பெயரைப் படித்தான், சரிபார்த்தான், போய்விட்டான், அடுத்தவர் வருகிறார், ஸ்கேனர் எங்கம்மா, இந்தா இருக்குண்ணே, சோலைமலையா, ஆமா. இப்படி அறிமுகமில்லாத வாய்கள் ஒவ்வொன்றாக என் கணவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகின்றன, நான் அவருக்குப் பதிலாக ஆமா போடுகிறேன், வீட்டில் அவர் பெயரைச் சொல்ல ஆளில்லை, சொந்தக்காரர்கள் அந்தப் பெயர் வந்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள், இங்கே மட்டும்தான் அவர் சாதாரணமாக, இருபது ரூபாய் வாங்குகிற ஆளாக, இன்னும் இருக்கிறார்.

கைபேசிக் காசு வந்த புதிதில் அவர் குழம்பிப்போனார், முதல் போணி நோட்டாக வந்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார், காற்றில் வரும் காசை எப்படி ஒற்றுவது, யோசித்து யோசித்துக் கடைசியில் அந்தப் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார், நான் விழுந்து விழுந்து சிரித்தேன், என்னங்க கரண்டு சாமியா, சிரிக்காதடி, காசு சந்துல வந்தா என்ன, வானத்துல வந்தா என்ன, வர்ற வழியத்தான் கும்பிடணும் என்றார், அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே பால் பொங்குகிறது, அடிப்பிடிக்குதுங்க என்று கத்துகிறேன், கத்தியது அப்போதா, நேற்றுத் தனியாக நின்றபோதா. மாசியில் ஒரு நாள் ஊறவைத்த பருத்தி விதையை அரைக்க எடுத்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், ஆட்டோவில் ஏற்றும்போது விதையை வீணாக்கிறாத என்றார், அவர் கடைசியாகச் சொன்னது அதுதான், காதலும் இல்லை, கணக்கும் இல்லை, விதை. வங்கி அட்டையின் ரகசிய எண்ணையாவது சொல்லியிருக்கலாம். காரியம் முடிந்ததும் ஏடிஎம்முக்குப் போனேன், கல்யாண நாளைப் போட்டேன், தவறு என்றது, அவர் பிறந்த நாளைப் போட்டேன், தவறு, நான் பிறந்த நாளைப் போட்டேன், அதுவும் தவறு, அட்டையை முடக்கிவிட்டது, அவருக்கு எந்த நாள் பெரிய நாள் என்று அந்த இயந்திரத்துக்குத் தெரியும், என்னிடம் சொல்ல மறுத்துவிட்டது.

ஆகவே மாலை முழுக்க நான் கிண்டுகிறேன், ஊற்றுகிறேன், கழுவுகிறேன், பாதிக்கு மேல் காசு அவர் கணக்கில் போய் விழுகிறது, என்னால் எடுக்க முடியாது, சில்லறையாக வருவது வெல்லத்துக்கும் சுக்குக்குமே சரியாகிவிடுகிறது, விதை மண்டிக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, ஏம்மா, ஸ்கேனரை உம் பேருக்கு மாத்துன்னு எத்தனை தடவை சொல்றது, சோலைமலையா வந்து எனக்குப் பட்டுவாடா பண்ணப்போறான், இனிமே கடனுக்கு மூட்டை கிடையாது என்கிறார், கொழுந்தன் தவசி வாசலோடு நின்று பேசுகிறான், உள்ளே வருவதில்லை, அண்ணன் இல்லாத வீடு, மதினி, நான் கெட்டதுக்குச் சொல்லல, வண்டியக் கேட்டு ஆள் இருக்கு, மாசக் கடைசி வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாரேன், கொடுத்துட்டு உங்க ஆத்தா வீட்டுக்குப் போயி நிம்மதியா இருங்க, சரி என்கிறேனா, தலையை ஆட்டுகிறேனா, எனக்கே தெரியவில்லை, எதற்கும் ஆமா சொல்லிச் சொல்லி வேறு சொல் மறந்துவிட்டது. ஆத்தா வீட்டில் எனக்கு என்ன இருக்கிறது, அடுப்படி மூலையில் ஒரு பாய், அண்ணி முகத்தைப் பார்த்துச் சாப்பிடுகிற சோறு, இங்கே இந்த வண்டி இருக்கிறது, இது போனால் நான் எங்கே நிற்பேன், நிற்க ஒரு முக்கு வேண்டுமே.

ஸ்கேனரை மாற்றுவது பெரிய வேலை இல்லை என்று எல்லோருக்கும் தெரியும், எனக்கும் தெரியும், மாற்றினால் யார் அவர் பெயரைக் கேட்பார்கள். காதர் பாய் கேட்பார். மேலூர்ப் பக்கமிருந்து சவாரி வரும்போதெல்லாம் ஆட்டோவை ஓரங்கட்டிவிட்டு வருவார், சோலைமலை எங்கம்மா, போடிக்கு ஏலக்காய் வாங்கப் போயிருக்காரு பாய், முதல் தடவை அது தானாக வாயில் வந்தது, அடுத்த தடவையும் வந்தது, பிறகு பாயே எடுத்துக்கொடுத்தார், இன்னுமா போடியில இருக்கான், ஏலக்காய் வாங்கப் போனானா, ஏலக்காட்டையே வாங்கப் போனானா, நான் சிரித்தேன், சிரித்தபோது ஏலமலைச் சரிவில் ஈரப்புகைக்குள் அவர் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு நடப்பது தெரிந்தது, அன்றைக்கு நன்றாகத் தூங்கினேன், கனவில் வைகை கரைதொட்டு ஓடியது, தண்ணீர் மேல் எண்ணெய் விளக்குகளுக்குப் பதிலாகக் கைபேசிகள் மிதந்தன, எல்லாவற்றிலும் அவர் பெயர், நான் படித்துறையில் நின்று ஆமா, ஆமா என்கிறேன், ஒவ்வொன்றாக அணைகிறது, கடைசி ஒன்று என் காலடிக்கு வருகிறது, குனிந்து பார்க்கிறேன், அதில் பெயரே இல்லை, யார் என்று ஒரு கேள்வி மட்டும் இருக்கிறது.

விடிந்ததும் வங்கிக்குப் போனேன், கனவுக்காகப் போனேனா, விதை தீரப்போகிறதே என்று போனேனா. கவுண்டரில் இருந்த அம்மாள் கண்ணை உயர்த்தாமல், கணக்குக்காரர் எங்கே, வரச் சொல்லுங்க என்றாள், போடி என்று வாய் வரைக்கும் வந்தது, பின்னால் வரிசை நின்றது, செத்துப்போயிட்டாரும்மா என்றேன், அத்தனை மாதத்தில் அதை என் வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை, கூரை இடியவில்லை, மின்விசிறி சுற்றியது, அவள் இப்போது என்னைப் பார்த்தாள், வாரிசுச் சான்றிதழ் வரணும், அலைச்சல்தான், அது வரட்டும்க்கா, இனிமே வர்றதாவது உங்களுக்கு வர வேணாமா, உங்க பேரு என்ன என்றாள், மதினி, ஏம்மா, அக்கா, ஏண்டி, இவற்றையெல்லாம் ஒதுக்கிவிட்டு அடியில் கிடந்த என் பெயரை எடுத்துச் சொல்லக் கொஞ்ச நேரம் ஆனது.

என் பெயரில் புது ஸ்கேனர் அட்டை ஒட்ட வந்தவள் சின்னப் பெண், பழசக் கிழிக்கணும்க்கா, இல்லேன்னா சுருங்கிக்கும் என்றாள், நானே செய்கிறேன் என்றேன், அண்டாவைத் திறந்து வைத்தேன், ஆவி பட்டுப் பசை இளகியது, நகத்தால் உரித்தேன், முழுசாக வரவில்லை, வெள்ளையாக ஒரு தோல் தகரத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது, அது கிடக்கட்டும், மேலயே ஒட்டிரும்மா. அன்று முதல் ஆளாகக் காதர் பாய் வந்தார், கைபேசியை நீட்டினார், புருவத்தைச் சுருக்கினார், இது யாரு பேரும்மா, நான்தான் பாய், அப்ப சோலைமலை எங்கம்மா என்றார், அவரு போடிக்குப் போகல பாய், மாசியிலயே போய்ச் சேந்துட்டாரு. டம்ளரைக் கையிலேயே வைத்திருந்தார், ஆவி அடங்கும் வரை வைத்திருந்தார், எனக்குள்ள சந்தேகம் இருந்துச்சு தாயி, நீ சொல்ற வரைக்கும் இருக்கட்டும்னுதான் காடு கீடுன்னு பேசுனேன் என்றார், ஒரு வாய் குடித்தார், அவன் கை சுக்குத் தூக்கலாப் போடும், நீ பயந்து பயந்து போடுற, அள்ளிப் போடு என்றார், பெட்டி பேசியது, இருபது ரூபாய் பெறப்பட்டது, கை தானாகப் போய் அதைத் தொட்டது, கண்ணில் ஒற்றிக்கொண்டேன், சூடாக இருந்தது, யாரும் சிரிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை தவசி அந்த ஆளைக் கூட்டிக்கொண்டு வந்தான், அவர் சக்கரத்தை உதைத்துப் பார்த்தார், தகரத்தைத் தட்டிப் பார்த்தார், வண்டிக்குக் கீழே என் கணக்கில் விழுந்த காசில் வாங்கிய புது விதை மூட்டை இருந்தது, அதைப் பார்த்து என்ன மதினி என்றான் தவசி, விக்கிறதா இல்லைய்யா, வந்தது வந்தீங்க, குடிச்சிட்டுப் போங்க என்றேன், குரல் களைத்துத்தான் வந்தது, முதுகு வலித்தது, இன்னும் அண்டாவில் பாதி இருந்தது, ஊற்றிக் கொடுத்தேன், அவன் ஊதி ஊதிக் குடித்தான், வந்தவர் டம்ளரை வைத்துவிட்டுக் கைபேசியை எடுத்தார், சும்மா இருங்கண்ணே என்று தவசி தடுத்தான், வியாபாரம்ல தம்பி என்று அவர் அட்டைக்கு நேரே பிடித்தார், முகமெல்லாம் நீல வெளிச்சம், ஒரு பெயரைப் படித்து, இதுதானா என்று கேட்டார், தவசி எட்டிப் பார்த்தான், இத்தனை வருசத்தில் அந்தப் பெயரை அவன் உரக்கச் சொன்னதில்லை, இப்போது மெதுவாகச் சொல்லிப் பார்த்தான், எங்க மதினிதாண்ணே என்றான், அவர் அவனை நம்பாமல் என்னைப் பார்த்து மறுபடி கேட்டார், கரண்டியை அண்டா விளிம்பில் சாத்தி வைத்தேன், ஆமா, நான்தான்.