தலை இடித்த கணக்கு

சேலையூர் சரோஜினி டீச்சர் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே இருந்த சுவரின் விலை ஐந்நூற்று இருபது ரூபாய். நூற்று முப்பது கல், கல் நாலு ரூபாய். அதற்கு மேல் ஒரு பைசா கொடுத்தால் எங்கப்பா போட்டோவிலிருந்து இறங்கி வந்து உதைப்பார்.

இடிக்கப்போகும் வீடுகளை காண்ட்ராக்ட் எடுத்து, கதவு, ஜன்னல், கம்பி, கல் என்று பிரித்து விற்பது எங்கள் தொழில். தாம்பரத்தில் கடை. கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் வாங்காமல் போகிறவர்கள். அவர்களில் முதலிடம் ஜோனத்தான் சாருக்கு. ஒரு காலத்தில் ஆர்க்கிடெக்ட்; இருபது வருஷமாகச் சரித்திர நாவல் எழுதுகிறார். கதையில் அரண்மனை வந்தால் முதலில் அதற்குப் பிளான் போட்டுவிடுவார். வாசல் இல்லாத பக்கம் இளவரசியை நுழைய விடமாட்டார். அதற்காக டேப்பும் நோட்டுமாக வந்து, பழைய தேக்கு நிலைகளை அளந்து எழுதிக்கொண்டு, என் செலவில் ஒரு டீ குடித்துவிட்டுப் போவார். அவர் நிற்கும்போது ஒரு கதவுக்கு நூறு வயது கூட்டிச் சொல்ல முடியாது, உடனே திருத்திவிடுவார். இருந்தாலும் மனிதரைப் பிடிக்கும்.

போன மாசம் ஒரு சனிக்கிழமை, புதிதாக வந்து இறங்கியிருந்த ஜன்னல் கம்பிகளின் முன்னால் அப்படியே நின்றுவிட்டார். பனையோலை விசிறி மாதிரி வளைத்த கம்பி. டேப்பைக் கையில் எடுக்கவில்லை.

“மூணடிக்கு நாலடி. அளக்க வேணாம் சுகுமார். இது நான் வரைஞ்சது.”

எந்த வீடு என்று கேட்டார். சொன்னேன். டீ ஆறி ஆடை கட்டும்வரை பேசினார்.

அது அவர் தனியாகக் கட்டிய முதல் வீடு. தொண்ணூற்றிரண்டாம் வருஷம், அவருக்கு வயது இருபத்தாறு. வீட்டுக்காரர் சுந்தர்சிங் ரயில்வேயில் வேலை, ஆறடி ஆள். மனைவி சரோஜினி பள்ளிக்கூட டீச்சர். ஹாலிலிருந்து சமையலறைக்கு மாடிப்படிக்கு அடியில் நுழைந்துதான் போகவேண்டும். அந்த இடத்தில் ஒரு பீம். ஜோனத்தான் சார் ஐந்தடி மூன்றங்குலம். கான்கிரீட் போடுவதற்கு முன் சென்ட்ரிங் பலகைக்கு அடியில் நடந்து பார்த்தார். தலை இடிக்கவில்லை. போடுங்கள் என்றுவிட்டார். புதுவீட்டு ஜெபம் முடிந்து, சாப்பாடு தயாரா என்று பார்க்கப் போன பாஸ்டர்தான் முதலில் இடித்துக்கொண்டார். ஐந்து நிமிஷத்தில் சுந்தர்சிங். சபையார் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க டீச்சர் சொன்னாராம்: “தம்பி, உங்களுக்கு வீடு கட்ட வரல. வேற வேலை பாருங்க.”

பிரியாணி சாப்பிடாமல் கிளம்பியவர் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை. இன்னும் பன்னிரண்டு வருஷம் வீடு கட்டினார், ஒவ்வொரு பீமையும் மூன்று தரம் அளந்தார், பிறகு விட்டுவிட்டார். பல்லவ ராஜாவுக்குத் தலை இடித்தால் யாரும் நம் முகத்தைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்றார்.

“அந்த வீட்டுல அவங்க நல்லா இருந்தாங்களா? அது மட்டும் தெரியணும்.”

மரம் எப்படி இருந்தது என்றால் சொல்வேன். மனிதர்கள் எப்படி இருந்தார்கள் என்று எனக்கென்ன தெரியும்? திங்கட்கிழமை படிக்கட்டுப் பகுதி போய்விடும், கேட்பதென்றால் இன்றைக்கே கேளுங்கள் என்று வண்டியில் ஏற்றினேன். கேம்ப் ரோடு சிக்னலில் இறங்கிவிடப் பார்த்தார்.

டீச்சர் கேட் ஓரமாக பிளாஸ்டிக் சேர் போட்டு, பரீட்சை ஹாலில் உட்காருவதுபோல உட்கார்ந்து இடிப்பதைக் கவனித்துக்கொண்டிருந்தார். சுந்தர்சிங் போய் ஐந்து வருஷமாகிறது. பிள்ளைகள் ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டார்கள். அதுவரை டீச்சருக்கு மகள் ஹெப்சி வீட்டில் ஜாகை. கல்லில் ஒட்டிய சாந்தைக் கொத்திக்கொண்டிருந்த எங்கள் எல்லம்மா தலை நிமிர்ந்தாள்.

“உள்ள போனா குனிஞ்சிக்கோ சார். என் பேர்ல ரெண்டு கீது.”

எனக்குப் புரியவில்லை. நான் அறிமுகம் செய்ய வாயெடுப்பதற்குள் டீச்சர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“அப்ப இருந்த உயரத்துக்கு மேல வளரவே இல்லையே தம்பி.”

வண்டியில் வரும்போது ஜோனத்தான் சார் நாலைந்து வாக்கியம் தயார் செய்திருந்தார். “இந்த வீட்டுல நல்லா இருந்தீங்களா டீச்சர்?” என்று மட்டும் கேட்டார்.

டீச்சர் எழுந்து உள்ளே நடந்தார். மேலே கூரை போய் வானம் தெரிந்தது. படிக்கட்டும் பீமும் பாக்கி. பக்கத்துச் சுவரில், அட்டென்டன்ஸ் நோட்டு மாதிரி, பென்சிலில் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே கோடுகள். நாலு கோட்டுக்குக் குறுக்கே ஐந்தாவது. தலை இடித்தால் ஒரு கோடு என்பது அந்த வீட்டுச் சட்டம். பெயிண்ட் அடிக்க வந்த ஒருவரையும் அந்தச் சுவரைத் தொட விட்டதில்லை.

பாஸ்டர் ஒன்று. மகன் எபி அறுபத்து மூன்று. பையன் வளர்ந்துவிட்டான் என்பதை அந்த பீம்தான் முதலில் சொன்னதாம். அன்றைக்கு வீட்டில் கேக் வெட்டியிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஒன்பது, அதில் முதல் கோடு பெண் பார்க்க வந்த அன்று. ஹெப்சி சிரித்துவிட்டாள், கல்யாணம் முடிவாகிவிட்டது. சுந்தர்சிங் நூற்றுப் பதினேழு. அந்தக் கடைசிக் கோடு கொஞ்சம் நடுங்கியிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய காலையில் அவரே போட்டது. அடியில் புது எழுத்தில் எல்லம்மா, இரண்டு.

நடுவில் இரண்டு பெயருக்கு எதிரே மட்டும் கோடே இல்லை. ஒன்று ‘இன்ஜினியர்’, ஜோனத்தான் சாருக்கு அந்த வீட்டில் வைத்திருந்த பெயர். இன்னொன்று ‘சரோஜினி’.

“நானும் உங்க உயரம்தான் தம்பி,” என்றார் டீச்சர். “அன்னிக்கு உங்க பின்னாடியே நானும் பலகைக்கு அடியில நடந்து பாத்தேன். சரியா இருக்குன்னு சொன்னதே நான்தான். பாஸ்டர் இடிச்சுக்கிட்டதும் பயந்துபோயி பழிய உங்க மேல போட்டுட்டேன். எங்க வீட்டுக்காரர் கடைசிவரைக்கும் சொல்லிட்டே இருந்தார், அந்தப் பையனக் கூப்பிட்டு ஒரு வேளை சாப்பாடு போடுன்னு. எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுக் கூப்பிடறது?”

ஜோனத்தான் சார் பீமுக்கு அடியில் ஒரு தரம் போனார், வந்தார். முப்பத்திரண்டு வருஷம் கழித்தும் இடிக்கவில்லை. அந்தச் சுவரின் மேல்வரிசையிலிருந்து உதிர்ந்த கல்லில் இரண்டைப் பொறுக்கி, ஒன்றின்மேல் ஒன்று வைத்து, என் தோளைப் பிடித்துக்கொண்டு ஏறினார். இடித்த சத்தம் வெளியே எல்லம்மாவுக்குக் கேட்டது.

தலையைத் தடவிக்கொண்டே இறங்கியவர் டீச்சரிடம் கையை நீட்டினார். டீச்சருக்கு எழுபத்து நாலு வயது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்ள, அவரும் கல்மேல் ஏறினார். மெதுவாகத்தான் பட்டது, இதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று எனக்குச் சந்தேகம்.

“சேக்கலாம்,” என்றார் ஆர்க்கிடெக்ட்.

டீச்சர் கைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து இரண்டு பெயருக்கும் ஒவ்வொரு கோடு போட்டார். பிறகு, மகள் வீட்டில் மீன் குழம்பு இருக்கிறது, இன்றைக்காவது சாப்பிட்டுவிட்டுத்தான் போகவேண்டும் என்றார்.

சுவரை அப்படியே அறுத்து எடுத்துத் தருகிறேன் என்றேன். பூச்சு நிற்காது என்று சொல்லிவிட்டு, ஜோனத்தான் சார் நோட்டைத் திறந்து முழுப் பட்டியலையும் எழுதிக்கொண்டார்.

திங்கட்கிழமை இடித்தோம். அந்தச் சுவரின் கணக்கு: மொத்தம் நூற்று முப்பது கல். ஏறி நின்ற இரண்டில் ஒன்று டீச்சரின் கைப்பையில், ஒன்று ஜோனத்தான் சாரின் தோள்பையில். மீதி நூற்றிருபத்தெட்டு, கல் நாலு ரூபாய், ஐந்நூற்றுப் பன்னிரண்டு. எட்டு ரூபாய் நிலுவை. ஆளுக்கு நாலு.