இரண்டாவது குழல்

சனிக்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு, கொழும்பு வெள்ளவத்தையில் முத்துலிங்கத்தார் வீட்டு ஹோல் முழுக்க மரத்தூள் பறந்துகொண்டிருந்தது. கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த தச்சுவேலைக்காரர் நிக்கலஸ் பாஸ், அலுமாரிக் கதவைக் கழற்றிச் சுவரோடு நிறுத்தி, இடக்கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு விளிம்பைச் சீவிக்கொண்டிருந்தார். கடலுக்குப் பக்கத்து வீட்டில் மரம் ஊதிப்போகும். வருஷத்துக்கு ஒரு தரம் பாஸைக் கூப்பிடாமல் அந்த வீட்டில் ஒரு கதவும் பூட்டுப்படாது. குசினியில் முத்துலிங்கத்தாரின் பெண்சாதி பாலேஸ்வரி வடைக்கு எண்ணெய் வைத்திருந்தாள். அவளுடைய அண்ணர் ஸ்ரீஸ்கந்தராசா கல்கிசையிலிருந்து காரில் வந்து, சாய்வு நாற்காலியில் காலை நீட்டிவிட்டார். அவர் பிரக்கிராசி. கோர்ட்டில் கதைத்துக் கதைத்து, வீட்டிலும் ஆட்களைச் சாட்சிக்கூட்டில் நிறுத்தியே கேள்வி கேட்பார்.

ஹோல் சுவரில், இரண்டு கொளுக்கிகளில் துவக்கு தொங்கியது. இரட்டைக் குழல். முத்துலிங்கத்தாரின் தகப்பன் ஊரில் உடையார் உத்தியோகம் பார்த்தவர். அவர் விட்டுப்போன சொத்து. மகன் ஒரு காட்டுக்கும் போனதில்லை, ஒரு முயலையும் சுட்டதில்லை. அரசாங்கக் கந்தோரில் பெரிய கிளாக்கர். ஆனாலும் வீட்டுக்கு யார் வந்தாலும் கண் முதலில் அந்தச் சுவருக்குப் போகவேண்டும் என்பது அவருக்கு ஆசை. துவக்கு வைத்திருக்கிறவருக்கு நடையே மாறிவிடும், அவருக்கும் மாறியிருந்தது.

துவக்குக்கு அந்த வீட்டில் வருஷத்தில் ஒரே ஒரு வேலைதான். தைப்பொங்கலன்று பானை பொங்கி வழியும்போது மற்ற வீடுகளில் சீனவெடி கொளுத்துவார்கள். உடையார் வீட்டில் துவக்கு வெடிக்கும். அந்த வழக்கத்தை மகன் வெள்ளவத்தைக்கும் கொண்டுவந்துவிட்டார். அந்த வருஷம், ஆயிரத்துத் தொளாயிரத்து நாற்பத்தொன்றில், யுத்தத்தால் கடைகளில் சீனவெடிக்கே தட்டுப்பாடு. ஆகவே அவருக்கு இன்னும் பெருமை. இரண்டு குழலுக்கும் தோட்டா போட்டு, பின் வளவில் நின்று கடற்பக்கம் பார்த்து ஒன்றை வெடித்தார். பக்கத்து வீட்டு நளீபாவின் கைக்குழந்தை வீரிட்டுக் கத்தியது. "போதும், உள்ள கொண்டு போங்கோ," என்று பாலேஸ்வரி அடுப்படியிலிருந்து சொன்னாள். படைத்த பொங்கல் ஆறுவதற்கு முன் சாப்பிட இருக்கவேண்டும் என்ற அவசரத்தில், அவர் துவக்கை அப்படியே கொண்டுபோய்க் கொளுக்கியில் மாட்டிவிட்டுக் கைகழுவிக்கொண்டு வந்து இருந்தார்.

வெடி கேட்டது, துவக்கு வெறுமையாகிவிட்டது. அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் நினைத்தார்கள். இரண்டாவது குழலைப் பற்றி ஒருவரும் நினைக்கவில்லை. படித்த வீடு, பாருங்கள்.

அது தை மாதம். இப்போது மாசி பிறந்துவிட்டது.

"மச்சான், ஜேர்மன்காரன் பரசூட்டில வந்து காலி வீதியில இறங்கினா என்ன செய்வீர்?" என்று ஸ்ரீஸ்கந்தராசா சிரித்துக்கொண்டு கேட்டார்.

"இறங்கட்டும் பாப்பம்," என்று முத்துலிங்கத்தார் எழும்பித் துவக்கைக் கழற்றினார்.

ஒன்பது வயதுக் கௌரி ஓடி வந்து எதிரே நின்றாள். "அப்பா, குண்டு இருக்கோ?"

"இல்லையம்மா. வெறும் துவக்கு. நீதான் ஜேர்மன்காரன். கையைத் தூக்கு பாப்பம்."

பிள்ளை இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு சிரித்தது. துவக்கின் பின்னால், குழலுக்கு ஒன்றாக இரண்டு சின்னச் சுத்தியல்கள் இருந்தன. அவர் வலப்பக்கச் சுத்தியலை நிமிர்த்தி, பிள்ளையின் நெஞ்சுக்கு நேரே பிடித்து, விசையை இழுத்தார். "டக்" என்றது. மாமா கைதட்டினார்.

வடைத் தட்டோடு வந்த பாலேஸ்வரி வாசலில் நின்றுவிட்டாள். "என்ன விளையாட்டு இது? பிள்ளைக்கு நேரே நீட்டாதேங்கோ."

"வெறும் துவக்குக்கும் பயமோ உமக்கு?" என்று அவர் குழலை அலுமாரிக் கதவுப் பக்கம் திருப்பினார். திருப்பிய கையோடு இடப்பக்கச் சுத்தியலை நிமிர்த்தி விசையை இழுத்தார். ஏன் இழுத்தார் என்று பிறகு எத்தனையோ பேர் கேட்டார்கள். அவருக்கே தெரியாது. பெண்சாதி பயந்துவிட்டாள், இன்னொரு "டக்" கேட்டால் இன்னும் பயப்படுவாள், அவ்வளவுதான்.

வீடே அதிர்ந்தது. அலுமாரிக் கதவில் ஒரு ஓட்டை. கதவை அணைத்துப் பிடித்திருந்த நிக்கலஸ் பாஸ் தன் இடக்கையைத் தானே பார்த்தபடி கீழே இருந்துவிட்டார். அவர் சத்தம் போடவில்லை. கௌரிதான் கத்தினாள்.

பாலேஸ்வரி தோளில் கிடந்த சீலைத் தலைப்பைக் கிழித்து அவர் கையைக் கட்டினாள். அண்ணரின் காரில் ஏற்றி பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். உயிருக்கு மோசமில்லை. ஆனால் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மரவேலை செய்கிறவனுக்கு இடக்கைதான் மரத்தைப் பிடிக்கிற கை.

ஆஸ்பத்திரியிலிருந்து பொலிசுக்குத் தகவல் போனது. செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்குத் துவக்கையும் லைசன்சையும் கொண்டு நிலையத்துக்கு வரவேண்டும் என்று சொல்லியனுப்பினார்கள். துவக்கை அப்படியே ஒரு படுக்கை விரிப்பில் சுற்றி அறையில் வைத்துப் பூட்டினார்கள். இவ்வளவுக்குப் பிறகும் அதைத் திறந்து பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஞாயிறு மத்தியானம் ஸ்ரீஸ்கந்தராசா தங்கையையும் மச்சானையும் இருத்தி வைத்து, பொலிசில் சொல்லவேண்டிய கதையைச் சொன்னார். தயாராக எழுதிக்கொண்டே வந்திருந்தார்.

"இதில யோசிக்க ஒண்டுமில்லை. நாங்கள் மூண்டு பேரும் விறாந்தையில தேத்தண்ணி குடிச்சுக்கொண்டிருந்தனாங்கள். வேலைக்கு வந்தவன் ஆசையில துவக்கைக் கழட்டிப் பாத்திருக்கிறான். வெடிச்சுப் போச்சுது. அவ்வளவுதான்."

"அவர் துவக்கைத் தொடவே இல்லையே, அண்ணை," என்றாள் பாலேஸ்வரி.

"உனக்கு விளங்கேல்லை. உண்மையைச் சொன்னா லைசன்ஸ் போகும், வழக்கு வரும், மச்சானுக்கு வரப்போற உத்தியோக உயர்வும் போகும். நிக்கலஸோட நான் கதைச்சிட்டன். அவன் ஓமெண்டிட்டான்."

முத்துலிங்கத்தார் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாலேஸ்வரிக்கு அண்ணரின் கதையைவிட அந்தக் குனிந்த தலையைப் பார்க்கத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

திங்கட்கிழமை அவள் தனியே ரிக்‌ஷா பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனாள். நிக்கலஸ் கட்டுப்போட்ட கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தார். அவளைக் கண்டதும் எழும்பப் பார்த்தார்.

"படுங்கோ பாஸ். அண்ணர் சொன்னதுக்கு ஓமெண்டு சொன்னனீங்களாமே?"

"சொன்னேம்மா. பிரக்கிராசி ஐயா வந்து தலைமாட்டுல நிக்கிறாரு. நான் என்னத்தச் சொல்ல? பெரிய வீட்டு ஆளுங்க மூணு பேரு ஒண்ணு சொல்ல, நான் ஒண்ணு சொன்னா யாரு கேப்பாங்க?"

"உங்களுக்குத் துவக்குத் தொட்ட பழக்கம் உண்டோ?"

"எங்க அப்பாவுக்கு உளியும் கொட்டாப்புளியும்தாம்மா தெரியும், எனக்கும் அதுதான். இனி அடுத்தவங்க வீட்டுச் சாமானை நோண்டுறவன்னு பேரு வேற வந்திரும். விரல் ரெண்டு போனாலும் எப்படியாச்சும் உளி புடிச்சிருவேன். அந்தப் பேரோட எந்த வீட்டுக்குள்ள விடுவாங்க?"

பாலேஸ்வரிக்கு அழுகை வந்தது. அதை மிஞ்சிக் கோபம் வந்தது. அவமானமாகவும் இருந்தது. தன் வீட்டில் இரண்டு நாள் தேத்தண்ணி குடித்த மனுசனின் கையைத் தன் வீட்டுத் துவக்கு கொண்டுபோனது. மிச்சமிருந்த நல்ல பேரையும் தன் கூடப்பிறந்தவன் கொண்டுபோகப் பார்க்கிறான். "பாஸ், நாளைக்கு நான் கதைப்பன்," என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அன்று பின்னேரம் கௌரி முற்றத்தில் விளையாடாமல் மூலையில் இருந்தாள். "அம்மா, அப்பா எனக்குச் சுட்டபோது ஏன் வெடிக்கேல்லை?" என்று கேட்டாள்.

பாலேஸ்வரி பதில் சொல்ல வாயெடுத்தவள் அப்படியே நின்றாள். பொங்கலன்று அவர் துவக்கில் போட்ட தோட்டாக்கள் இரண்டு. கேட்ட வெடி ஒன்று. பிள்ளைக்கு நேரே நீட்டிய குழல், பொங்கலன்று வெடித்து முடிந்த குழல். அவர் கை வலப்பக்கச் சுத்தியலுக்குப் பதிலாக முதலில் இடப்பக்கத்துக்குப் போயிருந்தால்? பிள்ளையை இழுத்து அணைத்தாள்.

செவ்வாய்க்கிழமை பொலிஸ் நிலையத்தில் சார்ஜன்ட் ஒருவர் இருந்தார். சிங்களவர், யாழ்ப்பாணத்தில் சில வருஷம் வேலை பார்த்ததில் தமிழ் கதைப்பார். ஸ்ரீஸ்கந்தராசா கதையைச் சொல்லச் சொல்ல எழுதினார். முத்துலிங்கத்தார் தலையை ஆட்டினார். எழுதி முடிந்ததும் சார்ஜன்ட் ஒரு முறைக்காகப் பாலேஸ்வரியைப் பார்த்தார்.

"நோனாவும் இதுதான் சொல்றது?"

"இல்லை. இது பொய்," என்றாள் பாலேஸ்வரி.

"பாலேஸ், வாயை மூடு," என்றார் அண்ணர்.

"உங்கட கோர்ட்டில மூடச் சொல்லுங்கோ, அண்ணை. இஞ்ச நான் கதைக்கத்தான் வந்தனான். சார்ஜன்ட் ஐயா, முதல்ல அந்தத் துவக்கைத் திறந்து பாருங்கோ. பொங்கலண்டைக்கு மாட்டினபிறகு அதை ஒருத்தரும் திறக்கேல்லை."

சார்ஜன்ட் எழும்பினார். விரிப்பை அவிழ்க்கும் முன், எல்லாரையும் தன் பின்னால் வந்து நிற்கச் சொன்னார். குழலை ஆளில்லாத மூலைப் பக்கம், நிலத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, விசைப் பக்கம் விரலே போகாமல் துவக்கை மடித்துத் திறந்தார். வெடித்து முடிந்த துவக்கையே அந்த மனுசன் எடுத்த கவனத்தை முத்துலிங்கத்தார் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு வெற்றுத் தோட்டாக்கள் மேசையில் விழுந்தன. வெள்ளவத்தைக் கடற்காற்று இரண்டின் பித்தளையிலும் ஒரே மாதிரிப் பச்சை பிடிக்க வைத்திருந்தது.

"ரெண்டும் ஒரே நாள் உள்ள போனது," என்றார் சார்ஜன்ட். இடக்குழலை மூக்கருகே கொண்டுபோனார். "இது மட்டும் புது வெடி."

"ஓம். ரெண்டும் பொங்கலண்டைக்குப் போனது. நிக்கலஸ் பாஸ் எங்கட வீட்டுக்கு வந்தது போன வெள்ளிக்கிழமை," என்றாள் பாலேஸ்வரி. "அவர் துவக்கைத் தொடவே இல்லை. அவர்தான் தொட்டவர் எண்டு இவை எழுதி வச்சாலும் கேளுங்கோ: குண்டோட ஒரு துவக்கை, சின்னப்பிள்ளை ஓடித்திரியிற ஹோலில, ஒரு மாசமாத் தொங்கவிட்டது ஆர்? பாஸோ? தோட்டாப் பெட்டியின்ர திறப்பு ஆரின்ர இடுப்பில கிடக்குது?"

ஸ்ரீஸ்கந்தராசா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவள் விடவில்லை.

"இன்னொண்டும் எழுதுங்கோ. இவர் முதல்ல விசையை இழுத்தது என்ர பிள்ளைக்கு. வலக்குழல். இடக்குழலை முதல் இழுத்திருந்தா, இண்டைக்கு நான் இஞ்ச நிக்கமாட்டன். பிள்ளையைப் பொரளைச் சுடலைக்கு அனுப்பிப்போட்டுச் செத்த வீட்டில இருந்திருப்பன். அப்பவும் என்ர அண்ணர் வந்து, 'பிள்ளைதான் துவக்கைக் கழட்டினது' எண்டு எழுதச் சொல்லியிருப்பாரோ? என்ர பிள்ளைக்கு வரவேண்டியதைத்தான் அந்த மனுசன் வாங்கினவர். அவர் தலையில பழியும் போட நான் சம்மதிக்கமாட்டன். வீட்டை விட்டுப் போ எண்டாலும் போறன்."

முத்துலிங்கத்தார் மேசையில் கிடந்த வலக்குழல் தோட்டாவைக் கையில் எடுத்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். பிள்ளை கையைத் தூக்கிக்கொண்டு சிரித்தது அவருக்குத் திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது. தோட்டாவை மேசையில் திரும்ப வைத்தார்.

"அவ சொன்னது சரி," என்றார். "நான்தான் குண்டோட மாட்டினது. நான்தான் இழுத்தது. முதல் எழுதினதைக் கிழியுங்கோ, சார்ஜன்ட்."

"மச்சான், உத்தியோகம்..." என்றார் ஸ்ரீஸ்கந்தராசா.

"போகட்டும்."

போனதும் உண்மைதான். வழக்கு வந்தது, தண்டம் விழுந்தது, லைசன்சை எடுத்துவிட்டார்கள், உயர்வு வேறு ஒருவருக்குப் போனது. ஸ்ரீஸ்கந்தராசா ஒரு வருஷம் அந்த வீட்டுப் படி ஏறவில்லை. நிக்கலஸ் பாஸ் காயம் ஆறியதும் வந்து, மூன்று விரலால் மரத்தை அணைத்துப் பிடிக்கப் பழகி, விட்ட இடத்திலிருந்து அலுமாரிக் கதவைச் சீவி முடித்தார். கொழும்பில் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் முத்துலிங்கத்தாரே அவரைக் கூட்டிக்கொண்டு போய், "என்ர பிழையால கையிழந்தவர், வேலையில பிழை சொல்லேலாது," என்று வாசலில் நின்று சொன்னார். அது அவருக்குச் சுலபமாக இருக்கவில்லை. இருந்தும் சொன்னார்.

கதவு பூட்டுப்பட்டது. ஆனால் நடுவில் ஓட்டை இருந்தது. ஒரு பலகைத் துண்டு வைத்து அடைத்துத் தருகிறேன் என்றார் பாஸ். பாலேஸ்வரி வேண்டாம் என்றுவிட்டாள்.

ஒரு வருஷம் கழித்து, கோபம் ஆறி வந்த அண்ணர், சாய்வு நாற்காலியில் இருந்தபடி அந்த ஓட்டையைப் பார்த்து முகத்தைச் சுளித்தார். "இதை ஏன் இன்னும் வச்சிருக்கிறாய்? வாறவை போறவை கேட்பினம்."

"கேக்கத்தானே வச்சிருக்கிறன்," என்றாள் பாலேஸ்வரி. "கேக்கிற ஒவ்வொருத்தருக்கும் நான் சொல்லுவன், அண்ணை. துவக்கு வீட்டில இருந்தா, அதைத் திறந்து ரெண்டு குழலையும் கண்ணால பாத்துப்போட்டுப் பூட்டி வையுங்கோ, தோட்டாவை வேற இடத்தில பூட்டுங்கோ, விளையாட்டுக்கும் ஒரு மனுசருக்கு நேரே நீட்டாதேங்கோ. வெறும் துவக்கு எண்டு ஒரு சாமான் இல்லை. எங்கட வீட்டில அப்பிடி ஒண்டு ஒரு மாசமாத் தொங்கினது. அது செய்த வேலையைத்தான் நீங்கள் பாத்துக்கொண்டிருக்கிறியள்."