மகாராணியின் கால் நுனி

எனக்குத் தெரியாதது ஒன்றுமில்லை என்று எங்கள் மாடியில் எல்லோரும் சொல்வார்கள், நக்கலாகத்தான். சொல்லட்டும். செத்துப்போன போன்களை மைக்ரோஸ்கோப்புக்குக் கீழே வைத்து உயிர் கொடுக்கிறவள் நான். வீட்டு மேஜைதான் என் கடை. அப்பேர்ப்பட்டவள் அன்று காலை பெட்டி மூடியின் கொக்கியைப் போடாமல் குளிக்கப் போய்விட்டேன். வந்து பார்த்தால் பெட்டி காலி. மூன்று வருடமாக நான் வளர்த்த டரான்டுலா சிலந்தி, உள்ளங்கை அகலத்துக்கு வளர்ந்த என் மகாராணி, காணவில்லை.

"சோபாவுக்கு அடியில பாருங்க. அது ரோஸ் ஹேர் ஜாதி, தரையில கிடக்கிறது. மேல ஏறவே ஏறாது" என்று வீட்டுக்காரரிடம் அடித்துச் சொன்னேன்.

அவர் டார்ச்சோடு குப்புறப் படுத்தார். "மூக்கைக் கடிச்சு வெச்சா?"

"பரம சாது அது. என் கையில எத்தனை தடவ நடந்திருக்கு! பேசாம தேடுங்க."

நாங்கள் தேடிய லட்சணத்தில் சத்தம் எதிர் வீடு வரை போயிருக்கிறது. எதிர் வீட்டு நர்ஸ் இடுப்பில் குழந்தையோடு வந்து நின்றாள். குழந்தைக்கு ஒன்பது மாதம், தவழத் தொடங்கிய புதிது.

"அக்கா, கோவிச்சுக்காதீங்க. அபார்ட்மென்ட் மேனேஜர்கிட்ட சொல்லிட்டேன். பன்னிரண்டு மணிக்கு மாடி முழுக்க பூச்சி மருந்தடிக்க ஆள் வருது."

அந்த மருந்துக்கு மகாராணி தாங்க மாட்டாள்.

"அடிப்பாவி, அது ஒண்ணும் பண்ணாதும்மா!"

"அதை உறுதியா சொல்லுங்க. இப்பவே போன் பண்ணி வேண்டாம்னுடறேன். எனக்காகத்தான் அவர் வரச் சொன்னாரு."

"வாய் வார்த்தை எதுக்கு? கண்ணாலயே பாரு. உக்காரு."

போன மாதம் மகாராணி உரித்துப் போட்ட தோலைப் பத்திரமாக வைத்திருந்தேன். வெந்நீரில் ஒரு சொட்டு சோப்பு விட்டு ஊறவைத்து, போன் சர்க்யூட் பலகை வேலைக்கு வைத்திருக்கும் இடுக்கியால் மடிப்பு மடிப்பாகப் பிரித்தேன். ரோஸ் ஹேருக்கு வயிற்றின் மேல் அரிப்பு முடி இருக்கும். பயந்தால் அதை உதறிவிட்டு ஓடுமே தவிர, லேசில் கடிக்காது. அந்த முடியைக் காட்டிவிட்டால் கதை முடிந்தது.

முடி இல்லை. தோலைத் திருப்பிப் போட்டுப் பார்த்தேன், வெளிச்சத்தைக் கூட்டிப் பார்த்தேன். இல்லவே இல்லை. கால் நுனியை லென்சுக்கு அடியில் நகர்த்தினேன். பாதம் தூரிகை போலப் பட்டையாக விரிந்திருந்தது. மரமேறியின் பாதம். சிலந்தி வளர்ப்பவர்கள் போட்டிருக்கும் படங்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன். ட்ரினிடாட் செவ்ரான், அம்புக் கோடு போட்ட ஜாதி. மின்னல் வேகம், உயரத்தில்தான் குடியிருப்பு, கடித்தால் நல்ல வலி.

முதுகில் அம்பு அம்பாகக் கோடு இருந்தது எனக்குத் தெரியும். ரோஸ் ஹேர்தான், கோடு வளர வளர அழிந்துவிடும் என்று விற்றவன் சொன்னான், நானும் மண்டையை ஆட்டினேன். தினமும் மூடியில் தொங்கிக்கொண்டிருப்பாள். என்னைப் பார்க்கத் துடிக்கிறாள் என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன். பாவி நான், ஏற ஒரு குச்சிகூட வைக்கவில்லை.

"என்னக்கா, நீங்க சொன்னதுதானே?" என்றாள் நர்ஸ். லென்சில் பார்த்தாலும் அவளுக்கு ஒன்றும் விளங்கியிருக்காது. ஆமாம் என்ற ஒரு சொல் போதும், மகாராணி பிழைத்துவிடுவாள். குழந்தை என் போன் உறையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தது.

"இல்லம்மா. மூணு வருஷமா நான் தப்பா சொல்லிட்டிருந்திருக்கேன். இது கடிக்கிற ஜாதி. பெரியவங்களுக்கே துடிக்கத் துடிக்க வலிக்கும். குழந்தைன்னா சொல்ல முடியாது."

அவள் முகம் வெளுத்தது. குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசலுக்கு நகர்ந்தாள்.

"ஆனா எங்க தேடணும்னு இப்ப எனக்குத் தெரியும். தரையில இல்ல, மேல. பன்னிரண்டு வரைக்கும் டைம் குடு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். முக்கால் மணி நேரம் இருந்தது. குழந்தையை என் வீட்டுக்காரர் கையில் கொடுத்து இருவரையும் கீழே அனுப்பினாள்.

எங்கள் வீட்டில் திரைக்கம்பி, அலமாரி உச்சி, கதவு நிலை, எங்குமே இல்லை. எதிரே அவள் வீட்டு வாசலும் காலையிலிருந்து திறந்தே கிடந்தது. அவள் வீட்டுக்குள் நுழைந்தோம். படுக்கையறையில் குழந்தையின் தொட்டில் ஜன்னலோரம் இருந்தது. நேர் மேலே, திரையின் மடிப்பில், எட்டுக் காலையும் பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள் மகாராணி.

நர்ஸ் ஸ்டூலை இழுத்துப் போட்டு இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் ஏறி, கையோடு கொண்டுவந்த உயரமான ஜாடியை மெல்ல மகாராணியின் மேல் கவிழ்த்து, பின்னால் அட்டையைச் செருகினேன். ஒரே பாய்ச்சலில் ஜாடியின் அடிக்குப் போய் ஒட்டிக்கொண்டாள். மூடியைத் திருகினேன். இறங்கித் தரையில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன்.

நர்ஸ் மேனேஜருக்குப் போன் போட்டாள். "கிடைச்சிடுச்சு சார். மருந்து வேண்டாம்."

வைத்துவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள். தொட்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஆமான்னு சொல்லியிருந்தா நம்பியிருப்பேன்க்கா" என்றாள். "பாப்பா தூங்குற நேரம் இது. இங்கதான் போட்டிருப்பேன்."