தாய்ப்பங்கின் ஏடு

இளங்கதிர் சாளரக் கம்பிகளின் நிழலைத் தரையில் நீளமாய்க் கோடிட, தலைமைக் கோவிலின் பின்னே, பிஷப்பான ஆயரின் இல்லத்து ஏட்டறை, மணிகளை அடக்கிய கதிர்போல எண்ணிறந்த பெயர்களைத் தன்னுள் அடக்கி அமைதியாய் நின்றது. ஒரே அருட்தந்தை படகேறியும் கால்நடையாயும் சுற்றிவந்த நிலப்பரப்பு, நூற்றைம்பது ஆண்டுகளில் கிளைத்துப் பெருகி, ஓர் ஆயரின் கீழ் ஏழு மறைவட்டங்களும் ஊர்க்கோவிலுக்கு ஒன்றாய் அறுபத்தெட்டுப் பங்குகளுமாய் விரிந்த கதை முழுவதும் அவ்வடுக்குகளில் இருந்தது. அவற்றை அண்ணாந்து பார்த்தபடி நின்றாள், தன் பெயரைத் தேடி வந்த தையற்காரி ஒருத்தி.

ஒவ்வொரு பங்கும் தன் திருமுழுக்கு ஏட்டின், அதாவது ஞானஸ்நானப் பதிவின், படியை ஆண்டுதோறும் இங்கே அனுப்புவது வழக்கம். அதை நம்பியே வந்திருந்தாள். அவள் பங்கின் ஏடுகளை வெள்ளம் கொண்டுபோய்விட்டது. அவள் பிறந்த வாரமே தாய் இறந்தாள். திருமுழுக்குக்கூடக் கொடுக்காமல் போய்விட்டாள் என்று அத்தை முப்பது ஆண்டுகளாய்ச் சொல்லிவந்த சொல், திருமணத்துக்காகக் கோவிலில் திருமுழுக்குச் சான்று கேட்கும் இவ்வேளையில் நெருஞ்சியாய்த் தைத்தது. திருமுழுக்கை இப்போதும் பெறலாம் என்றார் பங்குத்தந்தை. ஆனால் தாய் தன்னை மறந்தாளா என்பதை யாரிடம் கேட்பது?

அருட்தந்தையரே 'ஏட்டுப்பூச்சி' என்று எள்ளும் ஏட்டறைக்காரி, அவள் பங்கின் கட்டை இருமுறை புரட்டிக் கைவிரித்தாள். தையற்காரி வாயிலை அடைந்தபோது, அக்கட்டின் முதல் ஏட்டு முகப்பில் பங்கு தொடங்கிய நாளைக் கண்டு ஏட்டறைக்காரி நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"இருபத்தாறு வருஷமா இங்க குப்பை கொட்டுறேன், புத்தி வரலையே. உக்காரு கண்ணு. உங்க பங்குக்கு உன்னைவிட ரெண்டு வயசு கம்மி. நீ பொறந்தப்ப அது அக்கரைப் பங்கோட கிளை."

அக்கரைத் தாய்ப்பங்கின் ஏடு இறங்கியது. மங்கிய மையில், அவள் பெயருக்கு எதிரே, அக்கரைப் பங்குத்தந்தை எழுதிய ஒரு வரி: 'குழந்தை உயிருக்குப் போராடியதால், நான் ஆற்றைக் கடந்து வருமுன், தாயே நீர் வார்த்துத் திருமுழுக்களித்தாள்.'

தையற்காரி ஏட்டிலிருந்து நிமிர்ந்தாள். "அது செல்லுமாக்கா?"

"சாவு வாசல்ல யார் ஊத்துனாலும் செல்லும். ஆயர் கையால வாங்குனதுக்கும் இதுக்கும் இம்மி வித்தியாசம் இல்ல."

தையற்காரி ஊசித் தழும்பேறிய விரலால் தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஆயர்கள் மூவர் மாறினர், எல்லைகள் மாறின, கிளை பங்காயிற்று, வெள்ளம் வந்து வடிந்தது. இறப்பவள் ஒருத்தி வார்த்த ஓர் உள்ளங்கை நீர் மட்டும், அத்தனை பெரிய அமைப்பின் நடுவே, உலராமல் அவளுக்காகக் காத்திருந்தது.